27 வருடம் கழித்துப் பென்சிலைத் தொட்டிருக்கிறேன். மறுபடி வரைய வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

#1 வைகைக்கரை · ஞாயிறு, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். வயது 44. மதுரையில் ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். கடைசியாக நான் வரைந்த படம் ப்ளஸ் டூ பயாலஜி ரெக்கார்டில் செம்பருத்திப் பூவின் நெடுக்குவெட்டுத் தோற்றம். அது 1997. வகுப்பில் பாதிப் பேருடைய ரெக்கார்டு என் கையால் வரைந்ததுதான்.

அதற்கு முன்னால் வீட்டுக்கு வாரப் பத்திரிகை வந்தால் கதையைப் படிக்க மாட்டேன், படத்தைத்தான் தேடுவேன். வெள்ளைத் தாளில் தேங்காய் எண்ணெய் தடவிக் காய வைத்து, படத்தின் மேல் வைத்து ஒற்றி எடுப்பேன். அப்புறம் ஒற்றாமலே வரைய வந்தது. பத்தாம் வகுப்பில் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரைந்திருந்ததை ஓர் ஆசிரியர் எல்லோருக்கும் தூக்கிக் காட்டி, "இது சோறு போடுமா?" என்று கேட்டார். அன்றைக்கே நிறுத்திவிடவில்லை. ஒளித்து வைத்து வரைய ஆரம்பித்தேன். ஒளித்து வரைந்ததும் மெல்ல மெல்லக் குறைந்து, ப்ளஸ் டூவோடு நின்றுவிட்டது. அப்புறம் கல்லூரி, வேலை, கல்யாணம், பிள்ளை என்று வருடங்கள் போய்விட்டன.

போன வாரம் மகளின் பள்ளிப் பையைச் சுத்தம் செய்தபோது அடியில் ஒரு 2பி பென்சில் கிடந்தது. பாதி சீவியது. சமையல் மேடையில் காபி குடித்து வைத்த எவர்சில்வர் டம்ளர். மகளின் பழைய ரஃப் நோட்டை எடுத்து, நின்றபடியே வரைந்து பார்த்தேன். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, அடி தட்டையாக, மொத்தத்தில் நசுங்கிய டப்பா மாதிரி வந்தது. பன்னிரண்டு வயதில் அதை வரைந்திருந்தால் அம்மாவிடம் ஓடிப் போய்க் காட்டியிருப்பேன். இப்போது கிழித்துப் போட்டுவிட்டேன். இரவு படுத்த பிறகும் அந்த டம்ளர்தான் கண்ணுக்குள் நின்றது.

எனக்குத் தொடர வேண்டும் என்று இருக்கிறது. எங்கே ஆரம்பிப்பது? வகுப்பில் சேர வேண்டுமா? என்ன தாள், என்ன பென்சில்? எல்லாவற்றையும் விட, இந்த வயதில் கை திரும்ப வருமா?

#2 ரயில்பயணி · ஞாயிறு, இரவு 10.15

வாங்க. முதலில் ஒன்று: இனிமேல் கிழிக்காதீர்கள். தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நான் 39 வயதில் திரும்ப ஆரம்பித்தேன், இப்போது 43. நீங்கள் சொன்ன அதே வலி எனக்கும் இருந்தது. எனக்குப் புரிந்தது இதுதான். இந்த 27 வருடமும் உங்கள் கைதான் சும்மா இருந்தது, கண் சும்மா இருக்கவில்லை. எத்தனை படம், எத்தனை விளம்பரம், எத்தனை சினிமா பார்த்திருக்கிறது! நல்லது எது, கோணல் எது என்று அதற்கு இப்போது நன்றாகத் தெரியும். கை மட்டும் பள்ளிக்கூடத்திலேயே நிற்கிறது. 44 வயதுக் கண் பன்னிரண்டு வயதுக் கையைத் திருத்தும்போது வலிக்கத்தான் செய்யும். டம்ளர் கோணல் என்று உங்களுக்குத் தெரிந்ததே, அது பாதி வேலை.

நான் தினமும் தாம்பரத்திலிருந்து பீச் வரை மின்சார ரயிலில் போகிறேன். பாக்கெட்டில் அடங்கும் ஒரு நோட்டு, ஒரு பால்பாயிண்ட் பேனா, அவ்வளவுதான். தூங்குகிறவர்களை வரைவேன். கிண்டியில் ஆரம்பித்தால் மாம்பலத்தில் அவர் எழுந்து போய்விடுவார். படத்தில் கழுத்து இருக்கும், தலை இருக்காது. முதல் மூன்று மாதம் இப்படி அரைகுறைதான். ஆனால் இரண்டே நிமிடத்தில் எதை முதலில் போட வேண்டும் என்று அந்த ரயில்தான் சொல்லிக்கொடுத்தது. தோள் சாய்வும் தலை தொங்கும் கோணமும் முதலில் வந்துவிட்டால், மூக்கு இல்லாவிட்டாலும் ஆள் தூங்குகிறார் என்று தெரிந்துவிடும்.

#3 கரித்துண்டு · திங்கள், காலை 6.20

அம்மா, வணக்கம். நான் கும்பகோணம் பக்கம் அரசுப் பள்ளிகளில் 34 வருடம் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். வகுப்புக்கு முன்னால் நோட்டைத் தூக்கிக் காட்டியதைப் படித்தபோது மனசு கனத்துவிட்டது. வாரத்தில் இரண்டு பீரியடு ஓவியம் என்று அட்டவணையில் இருக்கும். பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் அதையும் கணக்குக்கு எடுத்துக்கொள்வார்கள். பொதுவாகவே ஒன்பது பத்து வயதில்தான் பிள்ளைகள் "நிஜம் மாதிரி இல்லையே" என்று தங்கள் படத்தைப் பார்த்துக் குறைப்பட ஆரம்பிக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து எப்படிப் பார்ப்பது என்று சொல்லித்தர ஆள் வேண்டிய வயது அது. ஆள் இல்லாவிட்டால் அங்கேயே நின்றுவிடும்.

சரி, டம்ளருக்கு வருகிறேன். டம்ளரின் அடி தட்டையாக வந்தது என்றீர்கள். ஏன் தெரியுமா? டம்ளர் மேடையில் தட்டையாக உட்கார்ந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்ததை வரைந்துவிட்டீர்கள். பயாலஜி ரெக்கார்டில் நாம் பழகியது அதுதான். பூவில் இத்தனை இதழ், இத்தனை மகரந்தத் தாள், பாகம் குறி. தெரிந்ததைத் தெளிவாகப் போடுவது அந்தப் படத்தின் வேலை. இங்கே வேலை வேறு. கண்ணுக்கு எப்படித் தெரிகிறதோ அப்படி.

இன்றைக்கே ஒரு டம்ளரைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் வாய் ஒரு கோடாகத் தெரியும். மெல்ல மெல்லக் கீழே இறக்குங்கள். கோடு பிரிந்து ஒல்லியான நீள்வட்டமாகும், இன்னும் இறக்கினால் அகலமாகும். இப்போது மேடையில் வைத்துவிட்டுப் பாருங்கள். வாய் உங்கள் கண்ணுக்கு அருகில் இருக்கிறது, அடி இன்னும் கீழே இருக்கிறது. அப்படியானால் அடியின் வளைவு வாயின் வளைவை விட இன்னும் உருண்டையாக இருக்க வேண்டும். தட்டையாக இருக்கவே முடியாது. இந்த ஒன்று பிடிபட்டுவிட்டால் குடம், அண்டா, கிணற்றுச் சுவர், கோயில் தூண் எல்லாம் பிடிபடும்.

இன்னொரு விஷயம், நீள்வட்டத்தின் இரண்டு ஓரங்களிலும் மூலை வரக்கூடாது. மாங்கொட்டை மாதிரி கூராக வந்தால் தப்பு. எவ்வளவு ஒல்லியாக இருந்தாலும் ஓரம் வளைந்துதான் திரும்பும். அதற்குப் பென்சிலை எழுதுகிற மாதிரி நுனியில் பிடிக்காதீர்கள். நடுவுக்கும் மேலே பிடியுங்கள். தாளைத் தொடாமல் காற்றிலேயே நான்கைந்து சுற்றுச் சுற்றிவிட்டு, சுற்று நிற்காமலே மெல்லத் தாளில் இறக்குங்கள். விரல் ஓய்வாக இருக்கட்டும், தோள் வேலை செய்யட்டும்.

நான் லோயர், ஹையர் என்ற ஓவியப் பரீட்சைகள் எழுதிய காலத்தில் மாடல் டிராயிங்குக்கு உருளை, கூம்பு, கனசதுரம் என்று மேசையில் வைப்பார்கள். வெண்கலச் சொம்பு வைத்து என்னைப் பழக்கிய என் ஆசிரியர், ஒரு மாதம் வேறு எதையும் வரைய விடவில்லை. நீங்கள் அந்த டம்ளரையே பத்து நாள் வரையுங்கள். வகுப்பெல்லாம் பிறகு பார்க்கலாம்.

#4 நித்யகோலம் · திங்கள், மதியம் 2.05

சார், தோள் வேலை செய்யட்டும் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. நான் ஸ்ரீரங்கம், வயது 58. "எனக்கு வரையவே வராது" என்றுதான் வாழ்நாள் முழுக்கச் சொல்லி வந்திருக்கிறேன். மார்கழியில் 15 புள்ளி, 21 புள்ளி சிக்குக் கோலம் கையெடுக்காமல் போடுவேன். இழை எங்கே கிளம்பியதோ அங்கேயே வந்து முடியும். அழிப்பது என்ற பேச்சே கிடையாது. நேர்ப்புள்ளியா, இடைப்புள்ளியா என்று மட்டும் மனசில் இருக்கும், கை பாட்டுக்குப் போகும்.

போன வருடம் பேத்தி கலர் பென்சிலைக் கையில் கொடுத்து "பாட்டி, யானை போடு" என்றாள். கை நடுங்கியது. தரையில் நடுங்காத கை தாளில் ஏன் நடுங்குகிறது என்று அப்போது புரியவில்லை. சார் சொன்ன பிறகுதான் தெரிகிறது. தரையில் நான் இடுப்பை வளைத்து நின்று தோளிலிருந்து கையை ஓட்டுகிறேன். தாளில் மணிக்கட்டைப் பலகையில் அழுத்திக்கொண்டு விரலால் இழுக்கிறேன்.

இதற்கு என்ன செய்யலாம்?

#5 கரித்துண்டு · திங்கள், மாலை 5.30

உங்கள் கேள்வி என்னை ரொம்ப சந்தோஷப்படுத்திவிட்டது. நீங்கள் 50 வருடமாக வரைந்துகொண்டுதான் இருக்கிறீர்கள். தாளைப் பெரிதாக்குங்கள். முழு சார்ட் பேப்பரைச் சுவரில் ஒட்டி, கரித்துண்டோ கிரேயானோ வைத்து நின்றுகொண்டு வரையுங்கள். யானையை ஒரே இழையாக, நெற்றியில் கிளம்பி முதுகு, வால், கால் என்று சுற்றி நெற்றியில் வந்து முடியுங்கள். கையெடுக்காத அந்தத் துணிச்சல் எங்களிடம் படித்த பல பேருக்கு வராதது. தாளை மெல்லப் பிறகு சிறிதாக்கிக்கொள்ளலாம்.

#6 பென்சில்_சீவி · செவ்வாய், இரவு 11.10

நல்ல உரையாடல். வைகைக்கரை அக்கா கேட்ட தாள், பென்சில் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். (சென்னை, 31 வயது, மென்பொருள் வேலை. இரண்டு வருடமாக வரைகிறேன்.)

பென்சிலில் எச் என்றால் கடினம், பி என்றால் மென்மை, கறுப்பு அதிகம். உள்ளே இருப்பது கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்து சுட்டது. களிமண் கூடினால் கடினம், குறைந்தால் மென்மை. 1795இல் கோன்டே என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்த இந்தக் கலவை முறைதான் இன்றைக்கும் அடிப்படை. 12 பென்சில் டப்பா இப்போது தேவை இல்லை. எச்பி, 2பி, 6பி மூன்று போதும். அப்சரா, கேம்லின் எதுவானாலும் சரி. கோட்டுக்கு எச்பி, பொதுவாக 2பி, அடர் நிழலுக்கு 6பி.

ஜெராக்ஸ் தாள் 70, 80 ஜிஎஸ்எம்தான் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு, கூடினால் தாள் தடிமன்). பழகுவதற்கு நன்றாகவே போதும், ஆனால் இரண்டு முறை அழித்தால் நார் எழும்பிவிடும். 130, 150 ஜிஎஸ்எம் கார்ட்ரிட்ஜ் தாள், அதாவது வரைவதற்கான தடித்த தாள், பென்சிலுக்கு அருமை. வாட்டர்கலர் என்றால்தான் 300 தேவை. சென்னையில் இருப்பவர்கள் பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போங்கள். தெரு முழுக்கப் பேப்பர் கடைதான். கட்டாக வாங்கி ஏ4 அளவில் வெட்டித் தரச் சொன்னால் ஸ்கெட்ச் புக்கை விட மலிவு. பலகைக்குப் பிள்ளைகளின் பரீட்சை அட்டை போதும்.

ஒரு எச்சரிக்கை. முதல் வருடம் நல்ல விலைக்கு ஒரு ஸ்கெட்ச் புக் வாங்கினேன். அதைக் கெடுத்துவிடுவோமோ என்ற பயத்தில் நான்கு மாதம் ஒரு பக்கம்கூட வரையவில்லை. விலை குறைந்த தாளில்தான் என் கை இளகியது.

என் கேள்வி: போட்டோவின் மேல் கட்டம் போட்டு, தாளிலும் அதே கட்டம் போட்டு, கட்டம் கட்டமாக வரைகிறேன். அச்சு அசலாக வருகிறது. இப்படிப் பழகினால் கை வருமா?

#7 நீலக்குடை · புதன், காலை 7.45

வராது என்பது என் அனுபவம். கோவையில் செவிலியராக இருக்கிறேன். இரண்டு வருடம் கட்டம் போட்டுத்தான் முகங்கள் வரைந்தேன். பார்த்தவர்கள் எல்லாம் "போட்டோ மாதிரியே இருக்கு" என்றார்கள். ஒருநாள் இரவுப் பணியில் ஒரு நோயாளியின் அம்மா பெஞ்சில் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தார். வரைய வேண்டும் போல இருந்தது. கையில் பேனாவும் தாளும் இருந்தும் ஒரு கோடு வரவில்லை. எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை, ஏனென்றால் அவர் மேல் கட்டம் இல்லை. அன்றைக்கு அழுதுவிட்டேன். அதன் பிறகு போட்டோவைத் தொடவில்லை. பஸ் ஸ்டாண்டில், கேன்டீனில், கண் முன்னால் இருப்பதை மட்டும் வரைகிறேன். போட்டோவில் ஒளி, நிழல், எதை விடுவது எல்லாவற்றையும் கேமரா ஏற்கெனவே முடிவு செய்துவிடுகிறது. நமக்கு மிச்சம் இருப்பது நகல் எடுப்பது மட்டும்.

#8 பென்சில்_சீவி · புதன், இரவு 10.50

அக்கா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் வரைய வந்ததே அப்பா இறந்த பிறகுதான். அவருடைய நல்ல போட்டோ எங்களிடம் இல்லை. ரேஷன் கார்டுக்கு எடுத்த மங்கலான பாஸ்போர்ட் சைஸ் படம் ஒன்றுதான். அதில் கட்டம் போட்டு, 40 நாள் உட்கார்ந்து வரைந்தேன். இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு உண்டு, போட்டோவில் அது தெரியாது. எனக்கு ஞாபகம் இருந்ததால் நானாகப் போட்டேன். அம்மா அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். தினமும் பூ வைக்கிறார். கட்டம் இல்லாவிட்டால் அந்தப் படம் வந்தே இருக்காது, நானும் இன்றைக்கு வரைந்துகொண்டிருக்க மாட்டேன். அதைத் தப்பு என்று சொல்ல என்னால் முடியாது.

#9 கரித்துண்டு · வியாழன், காலை 6.00

தம்பி, அந்தத் தழும்பைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை. அப்பா படத்துக்கு நீங்கள் செய்தது முழுக்கச் சரி.

கட்டம் புதுசும் இல்லை, குறுக்கு வழியும் இல்லை. சினிமா பேனர் வரைந்த நம் ஊர் ஓவியர்கள் ஒரு சின்ன ஸ்டில்லில் கட்டம் போட்டுத்தான் இருபது அடி, நாற்பது அடிக்குப் பெரிதாக்கினார்கள். டச்சு ஓவியர் வான் கோ ஹேக் நகரில் இருந்தபோது, 1882இல், நூல் கட்டிய சட்டம் ஒன்று செய்வித்து அதன் வழியாகப் பார்த்து வரைந்தார். ஆனால் அவர் அதை எடுத்துப்போய் நட்டது கடற்கரை மணலிலும் புல்வெளியிலும். எதிரே இருந்தது நிஜமான இடம்.

அதனால் நான் சொல்வது: பெரிதாக்கக் கட்டம் போடுங்கள், அளவு சரிபார்க்கப் போடுங்கள். பார்வை பழக வேண்டுமானால் கட்டத்தைத் தாளிலிருந்து எடுத்து மனசில் போட்டுக்கொள்ளுங்கள். பென்சிலைக் கை நீட்டிப் பிடித்து, முழங்கை மடங்காமல், ஒரு கண்ணை மூடிக்கொண்டு அளந்து பாருங்கள். டம்ளர் அகலத்தில் உயரம் எத்தனை பங்கு? முகத்தில் உச்சிக்கும் தாடைக்கும் நடுவில் எது வருகிறது? கண் வரும். எல்லோரும் கண்ணை நெற்றிப் பக்கம் தூக்கி வைத்துவிடுவார்கள், அதனால் மண்டை பாதி காணாமல் போய்விடும்.

இன்னொரு பயிற்சி. ஏதாவது கோட்டுப் படத்தைத் தலைகீழாக வைத்து, தலைகீழாகவே வரையுங்கள். மூக்கு, கண் என்ற பெயரெல்லாம் மறைந்து வெறும் கோடும் இடைவெளியும்தான் தெரியும். வந்ததைத் திருப்பிப் பார்த்தால் நீங்களே நம்ப மாட்டீர்கள்.

#10 நீலக்குடை · வியாழன், பிற்பகல் 3.15

தம்பி, உங்கள் அப்பா படத்தைப் பற்றித் தெரியாமல் எழுதிவிட்டேன், வருத்தம் வேண்டாம். ஆனாலும் பழகுகிறவர்களுக்கு நேரில் பார்த்து வரைவதுதான் என்பதில் நான் மாறவில்லை.

#11 வைகைக்கரை · அடுத்த வாரம் புதன், இரவு 9.20

எல்லோருக்கும் நன்றி. பத்து நாளில் ஒன்பது டம்ளர். ஒருநாள் மட்டும் முடியவில்லை, கணக்கு முடிக்கும் நாள். எதையும் கிழிக்கவில்லை, தேதி போட்டு வைத்திருக்கிறேன்.

ஐந்தாவது டம்ளரில்தான் அடி வளைந்தது. வளைந்ததும் அது மேடையில் உட்கார்ந்துவிட்டது! அதுவரை தொங்கிக்கொண்டிருந்தது. கரித்துண்டு சார், அந்த நிமிடம் நான் சமையலறையில் சத்தமாக "ஆமா" என்று சொல்லிவிட்டேன்.

ஏழாவது நாளிலிருந்து பளபளப்பு. எவர்சில்வர் என்றால் சாம்பல் நிறம் பூச வேண்டும் என்று நினைத்திருந்தேன். உற்றுப் பார்த்தால் சாம்பலே கொஞ்சம்தான். ஓரத்தை ஒட்டி மையாக ஒரு கறுப்புப் பட்டை, அதன் பக்கத்திலேயே ஜன்னலின் வெள்ளைப் பட்டை, நடுவில் ஏதோ நீளமாக இழுத்தது போல ஒன்று. அது என்ன என்று குனிந்து பார்த்தால் என் முகம். 27 வருடமாகத் தினமும் இந்த டம்ளர்களில் காபி குடிக்கிறேன், இது ஒன்றையும் பார்த்ததில்லை. 6பியால் அந்தக் கறுப்பை அழுத்திப் போட்டு, பக்கத்தில் தாளை வெறுமனே விட்டேன். உலோகம் வந்துவிட்டது.

இப்போது ஒரு சிக்கல். எனக்கு வெள்ளெழுத்து வந்து இரண்டு வருடம் ஆகிறது. கண்ணாடி போட்டால் தாள் தெளிவு, எதிரே இருக்கும் டம்ளர் மங்கல். கழற்றினால் டம்ளர் தெளிவு, தாள் மங்கல். போட்டுக் கழற்றி, போட்டுக் கழற்றி, சலிப்பாக இருக்கிறது. இதைப் பற்றி யாரும் எங்குமே எழுதவில்லையே, ஏன்?

#12 ரயில்பயணி · புதன், இரவு 9.50

எனக்கும் அதேதான்! புரோகிரஸிவ் லென்ஸ் போட்டுக்கொண்டேன். தலையை நிமிர்த்தினால் எதிர் சீட்டுக்காரர், பார்வையைத் தாழ்த்தினால் நோட்டு. பழக இரண்டு வாரம் ஆனது.

#13 கரித்துண்டு · வியாழன், காலை 6.10

கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, அதற்கு மேலாகப் பொருளைப் பாருங்கள், அதன் வழியாகத் தாளைப் பாருங்கள். அல்லது தாளைத் தூரத்துக்குக் கொண்டுபோங்கள். பரீட்சை அட்டையை ஸ்டாண்டிலோ, அடுக்கிய புத்தகங்கள் மேலோ நிமிர்த்தி வைத்து, கை நீளத்தில் வரைந்தால் கண்ணாடி இல்லாமலே ஓரளவு தெரியும், தோளும் வேலை செய்யும். நுணுக்கத்துக்கு மட்டும் கண்ணாடி. கொஞ்சம் மங்கலாகத் தெரிவதிலும் ஒரு நன்மை இருக்கிறது. பெரிய வெளிச்சமும் பெரிய நிழலும் அப்போதுதான் தனியாகப் பிரிந்து தெரியும். கண் நன்றாக இருக்கிறவர்களுக்கும் நாங்கள் "கண்ணைச் சுருக்கிப் பார்" என்றுதான் சொல்லித்தருவோம்.

வயதைப் பற்றி முதலில் கேட்டிருந்தீர்கள், பதில் சொல்ல விட்டுப்போனது. தாகூர் பாட்டு எழுதினார் என்பது எல்லோருக்கும் தெரியும். கையெழுத்துப் பிரதியில் அடித்த வரிகளை இணைத்து இணைத்து உருவங்களாக்கிக்கொண்டே இருந்தவர், அறுபது வயதுக்கு மேல்தான் ஓவியத்தில் முழுதாக இறங்கினார். 1930இல் பாரிஸில் அவருடைய முதல் கண்காட்சி நடந்தபோது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். மொத்தத்தில் இரண்டாயிரத்துக்கும் மேல் படங்கள் அவரிடமிருந்து வந்திருக்கின்றன. நம் பத்திரிகை ஓவியர் கோபுலு பக்கவாதத்தில் வலது கை செயலிழந்த பிறகு இடது கையால் வரையப் பழகினார். வாழ்நாள் முழுக்க லட்சக்கணக்கான வாசகர்களைச் சிரிக்க வைத்த கோடு, முதுமையில் வேறு கைக்கு மாறியது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். உங்களுக்கு 44தான் அம்மா. வலது கை நன்றாக இருக்கிறது.

#14 நித்யகோலம் · வெள்ளி, காலை 11.30

யானை வந்துவிட்டது சார். சார்ட் பேப்பரைப் பூஜை அறைக் கதவில் ஒட்டி நின்றபடி போட்டேன். தும்பிக்கையில் மட்டும் ஒரு சிக்குக் கோல வளைவு தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. பேத்தி அதை எடுக்கக் கூடாது என்கிறாள். கதவிலேயே இருக்கிறது.

#15 நீலக்குடை · வெள்ளி, இரவு 8.40

நேரம் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வீட்டில் பெண்கள் உட்கார்ந்து வரைந்தால் "சும்மாதானே இருக்கே, அந்தக் கீரையை ஆய்ஞ்சிடு" என்று வந்துவிடும். எனக்கு இதில் நிஜமான கோபம் உண்டு. அதே வீட்டில் ஆண் டிவி முன்னால் உட்கார்ந்தால் அது ஓய்வு. நான் 15 நிமிடம் எடுத்துக்கொள்கிறேன், பணிக்குக் கிளம்புவதற்கு முன். "15 நிமிடம் என்னைக் கூப்பிடாதீங்க" என்று வாய் திறந்து சொல்லிவிட்டேன். முதல் வாரம் முகம் சுளித்தார்கள், மூன்றாவது வாரம் பழகிவிட்டது. இப்போது மாமியாரே "இன்னிக்கு வரையலியா?" என்று கேட்கிறார்.

அப்புறம், ஆரம்பத்திலேயே படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில், இன்ஸ்டாவில் போடாதீர்கள் அக்கா. முதல் ஆறு மாதம் நோட்டு உங்களுக்கு மட்டும் இருக்கட்டும். லைக் வந்தால் அதே மாதிரி இன்னொன்று வரையத் தோன்றும், வராவிட்டால் வரையவே தோன்றாது. இரண்டும் கெடுதல்.

#16 ரயில்பயணி · வெள்ளி, இரவு 9.15

இதில் எனக்கு மாற்றுக் கருத்து. தனியாக இருந்தபோது நான் இரண்டு முறை நிறுத்தியிருக்கிறேன். மற்றவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து வரைய ஆரம்பித்த பிறகு நிறுத்தவில்லை. 2007இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஒரு பத்திரிகை ஓவியர் தொடங்கிய அர்பன் ஸ்கெட்சர்ஸ் இன்று பல நாடுகளில் இருக்கிறது. அவர்களுடைய விதி எளிமையானது: போட்டோவைப் பார்க்காமல், இடத்தில் உட்கார்ந்து, கண்ணால் கண்டதை வரைய வேண்டும். அந்த மாதிரிதான் நாங்கள் நான்கு பேர் மாதம் ஒரு ஞாயிறு கூடுகிறோம். போன மாதம் மாமல்லபுரம். அர்ச்சுனன் தபசு பாறைக்கு எதிரே உட்கார்ந்தால் யானையை வரைவதா, தவம் செய்யும் பூனையை வரைவதா என்று திகைத்துப் போவோம். நான்கு பேரும் நான்கு மூலையை எடுத்துக்கொண்டோம். கடைசியில் நோட்டுகளை வரிசையாகத் தரையில் வைத்துப் பார்த்தோம். யாரும் "சூப்பர்" என்று சொல்லவில்லை. "இந்த யானையின் காதை எப்படிப் பிடிச்சீங்க?" என்றுதான் கேட்டோம். அந்தக் கேள்வி லைக் மாதிரி இல்லை.

#17 வைகைக்கரை · இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 6.30

இன்றைக்கு முதல்முறையாக வெளியே போய் வரைந்தேன். திருமலை நாயக்கர் மகால். 1636இல் கட்டியது, நான் பிறந்ததிலிருந்து பக்கத்தில் இருப்பது. பள்ளியில் கூட்டிப் போனார்கள், சொந்தக்காரர்கள் வந்தால் நான் கூட்டிப் போவேன். ஒரு தூணைக்கூட உட்கார்ந்து பார்த்ததில்லை.

மகளும் கூட வந்தாள். முற்றத்துக்கு எதிரே படியில் உட்கார்ந்து, பரீட்சை அட்டையை முழங்கால் மேல் சாய்த்துக்கொண்டேன். முதலில் பயமாகத்தான் இருந்தது. எல்லோரும் எட்டிப் பார்ப்பார்களே என்று. பார்த்தார்கள். ஒரு சின்னப் பையன் பத்து நிமிடம் என் தோளுக்குப் பின்னால் நின்றான். "அக்கா, அந்தப் புறாவை விட்டுட்டீங்க" என்றான். தூண் தலைப்பில் நிஜமாகவே ஒரு புறா. போட்டேன்.

தூணின் உயரத்தைக் காட்ட முடியாமல் திணறினேன். தாளில் எவ்வளவு நீளமாக இழுத்தாலும் வீட்டுத் தூண் மாதிரியே இருந்தது. அப்போது அடியில் ஒருவர் வந்து சாய்ந்து நின்று போன் பேசினார். அவரைக் கட்டை விரல் நக அளவில் போட்டேன். தூண் சட்டென்று வளர்ந்துவிட்டது.

கரித்துண்டு சார், இங்கேயும் உங்கள் டம்ளர்தான். ஆனால் தலைகீழ். கண் மட்டத்துக்கு மேலே போகப் போகத் தூணைச் சுற்றியுள்ள வளையங்கள் எதிர்ப்பக்கமாக வளைகின்றன. அடியில் கீழ்நோக்கிச் சிரிக்கிற கோடு, உச்சியில் மேல்நோக்கி வில். நடுவில் ஓர் இடத்தில் நேர்கோடு. அந்த இடம் என் கண்ணின் உயரம், இல்லையா?

தூண்களுக்கு மேலே இருக்கும் ஆர்ச் வளைவுகளை வரையவில்லை. இலை இலையாக ஓரம் வெட்டிய அந்த வளைவுகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போவதைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. எங்கிருந்து ஆரம்பிக்க?

#18 கரித்துண்டு · ஞாயிறு, இரவு 8.00

ஆமாம், அந்த நேர்கோடுதான் உங்கள் கண்ணின் உயரம். நான் சொல்லாமலே கண்டுபிடித்துவிட்டீர்கள்.

வளைவுக்கு: இலைகளை முதலில் மறந்துவிடுங்கள். வளைவுக்குள் தெரியும் வானத்தை ஒரு பொருளாக நினைத்து அதன் உருவத்தை மட்டும் வரையுங்கள். கல்லை வரையாதீர்கள், காலி இடத்தை வரையுங்கள். முன்னால் இருப்பது பெரிய காலி இடம், அதற்குள் அடுத்த வளைவின் சின்னக் காலி இடம். இரண்டும் சரியாக வந்துவிட்டால் நடுவில் கட்டடம் தானாக நிற்கும். இலை வெட்டை அதன் பிறகு ஓரத்தில் கொத்திக்கொண்டே போகலாம்.

எத்தனை மணிக்குப் போனீர்கள்? நிழல் எந்தப் பக்கம் விழுந்தது?

#19 வைகைக்கரை · ஞாயிறு, இரவு 8.25

காலை பத்தரை மணி சார். எனக்கு இடது பக்கம் விழுந்தது, ஆனால் வரைந்து முடிப்பதற்குள் நகர்ந்துவிட்டது. பாதித் தூணுக்கு ஒரு நிழல், மீதிக்கு வேறு நிழல் என்று ஆகிவிட்டது.

#20 கரித்துண்டு · ஞாயிறு, இரவு 8.40

அடுத்த முறை போனதும் ஐந்து நிமிடத்தில் நிழலின் எல்லையை மட்டும் மெல்லிய கோட்டால் குறித்து வைத்துவிடுங்கள். சூரியன் எங்கே போனாலும் அந்தக் கோட்டை மாற்றக் கூடாது. திறந்ததும் முதல் ஆளாகப் போங்கள். நிழல் நீளமாக, தெளிவாக இருக்கும், கூட்டமும் இருக்காது.

#21 வைகைக்கரை · ஞாயிறு, இரவு 8.45

சரி சார். அடுத்த ஞாயிறு. மகள் தனக்கும் ஒரு பரீட்சை அட்டை வேண்டும் என்கிறாள்.